மரகதத்தின் அம்மா ஏறாத பஸ்

கண்ணு,

கூரியர் கவரைப் பிரித்ததும் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். தினமும் இரண்டு தடவை போனில் பேசுகிறவள் எதற்கு இத்தனை பக்கம் எழுதி பெங்களூருக்கு அனுப்புகிறாள், இதில் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைப்பாய். நினைத்துக்கொள். நான் பெற்ற பிள்ளை வேறெப்படி நினைப்பான்? இருக்கத்தான் செய்கிறது. கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் உன்னிடம் சொல்லியாக வேண்டிய ஒன்றைப் போனில் மூன்று முறை சொல்லப் பார்த்தேன். நீ "என்னம்மா, சொல்லு" என்றதும் வாய் வரவில்லை. மண்டபத்துக்காரர் ஜெனரேட்டர் தருவாரா மாட்டாரா என்று பேச்சை மாற்றிவிட்டேன். எழுத்தில் அப்படி நழுவ முடியாது.

போன மாசத் தொடக்கத்தில் நீ வந்திருந்தபோது மாடிப்படியில் உட்கார்ந்து, உனக்கு நிச்சயம் பண்ணிய நிவேதாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். நான் துணி காயப்போடப் போனவள், ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது. "அரை மணி நேரமா லைன் பிஸியா இருந்துச்சே, ஆருகிட்டப் பேசீட்டிருந்தே?" என்றாய். அந்தப் பெண் ஏதோ சொன்னாள். நீ ஒரு நொடி விட்டு, "நெசமாத்தானே?" என்றாய். எனக்கு வாளி கையில் கனத்துப்போயிற்று. அந்த 'நெசமாத்தானே' உன்னுடையது இல்லை கண்ணு, என்னுடையது. அதே இழுப்பு, அதே நொடி நேர நிறுத்தம். மூக்கு உங்கப்பாவுடையது, நிறம் உங்கப்பாவுடையது, போயும் போயும் என்னிடமிருந்து இதைத்தானா எடுத்துக்கொண்டாய்?

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் திருப்பூரில் ஏழு வருஷம், அப்புறம் இங்கே கோவையில் கணபதி ஏரியாவில் பதினெட்டு வருஷம், பனியன் கம்பெனியில் செக்கிங். டியூப்லைட்டுக்குக் கீழே மேசை. தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் விரித்து, திருப்பி, இழுத்து, ஓட்டை எங்கே, கறை எங்கே, தையல் எங்கே விட்டிருக்கிறது என்று தேட வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் நல்ல பீஸ் என்று சந்தோஷப்பட மாட்டோம். நமக்குத்தான் கண்ணில் படவில்லையோ என்று இன்னொரு தடவை திருப்புவோம். அந்தக் கண்ணை வேலை முடிந்ததும் மேசையிலேயே வைத்துவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருப்பாரோ என்று தோன்றும். உங்கப்பா லேத் பட்டறையிலிருந்து கொஞ்சம் சீக்கிரம் வந்தால் ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றும், தாமதமாக வந்தாலும் தோன்றும். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள்தான் நீ அந்த மரகதம் புத்தகங்களைக் கொண்டுவந்தாய்.

அவற்றைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. ஏழு வயதில் தொடங்கி இருபத்துநாலு வயது வரை மரகதம் என்று ஒரு பெண் வளர்வதை ஏழு புத்தகமாக ஒருத்தர் எழுதுவாராம், அதை ஊர்ப்பட்ட பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிப் படிக்குமாம். ஒரு ஆளை இத்தனை பேர் விரும்பினால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். அதிலும் எழுதுகிற டீச்சரம்மா பவானியில் உன் சித்தி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார், உன் சித்தி மகள் கவிக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறார் என்று கேட்டதும், சரிதான், வீட்டுக்கு வீடு போய்க் கதை பிடிக்கிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் தடுக்கவில்லை. நீயும் கவியும் ஒரே புத்தகத்தின் முன்னால் கவிழ்ந்து படுத்திருப்பதைப் பார்த்தால் தடுக்க மனசு வராது. சித்தப்பா கடையிலிருந்து வந்த சிவப்புக் கோடு போட்ட ஜமக்காளம், அதில் இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தைத் திருப்புவது கவியின் வேலை. நீ படித்து முடிக்கும் வரை அவள் திருப்பமாட்டாள், "ஆச்சாண்ணா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். உன்னைவிட ஒரு வயது சிறியவள், உன்னைவிட வேகமாகப் படிப்பாள். மே மாத லீவுக்கு அவள் இங்கே வருவாள், அரைப்பரீட்சை லீவுக்கு நீ அங்கே போவாய். மூன்று புத்தகம் அப்படியே இரண்டு பேரும் சேர்ந்து படித்தீர்கள். உனக்கு உடன்பிறந்தவள் இல்லையே என்ற குறை எனக்கு அந்த நாட்களில் இருந்ததே இல்லை.

நாலாவது புத்தகம் வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. கவி தான் படிக்காமல், அண்ணன் முதலில் படிக்கட்டும் என்று கொடுத்துவிட்டிருந்தாள். நீ ஒரே நாளில் முடித்துவிட்டு அடுப்படிக்கு வந்து நின்றாய். நான் பச்சைப்பயிறு கடைந்துகொண்டிருந்தேன். "அம்மா, நீயும் இப்பிடிப் போயிருக்கியா?" என்று கேட்டாய். எப்படி என்றேன். மரகதத்தின் அம்மா ஒரு நாள் காலையில் ஒரு கூடையில் துணியை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறாள், பஸ் ஏறாமல் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறாள், பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால் பொரியுருண்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள் என்று சொன்னாய். "நான் ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்ப நீ ஒரு நாளு சும்மாவே கடலைமிட்டாய் வாங்கீட்டு வந்தியே, அதான் கேட்டேன்" என்றாய். நான் மத்தைக் கீழே வைக்காமல், "போடா, கதைப் புஸ்தகத்தப் படிச்சுப்போட்டு வந்து என்னமோ கேக்கறான்" என்று சொன்னேன். நீ போய்விட்டாய். இன்று வரைக்கும் அந்தப் பதிலை நம்பிக்கொண்டிருக்கிறாயா, நம்புவதுபோல் இருக்கிறாயா என்பது எனக்குத் தெரியாது.

அன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அத்தியாயத்தை நான் படித்தேன். அது என் கதை. உன் ஆறாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை, உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, ரெக்ஸின் பையில் நாலு சேலையைத் திணித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். உங்கப்பா என்னை அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. பேசவே மாட்டார், அவ்வளவுதான். இன்றைக்கு அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆளில்லை, அன்றைய மனுஷரை உனக்கு ஞாபகம் இருக்காது. பட்டறையில் நாள் முழுக்க இரும்புச் சத்தம், வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை இல்லை. உப்பு இருக்கிறதா, இல்லையா, ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு மாசமாக இந்த வீட்டில் யாரும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அன்று காலையில் பல் தேய்க்கும்போது உறைத்தது. கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் எஸ்டிடி பூத்திலிருந்து பவானிக்குப் போன் போட்டு உன் சித்தியிடம், "சாந்தி, நான் வாரேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை, "வாக்கா" என்றாள்.

பவானி வழியாகப் போகிற சேலம் பஸ் ஒன்று வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. மூன்றாவது பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்தே "பவானி, பவானி" என்று கூப்பிட்டார். நான் பையை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டேன். மூணே காலுக்கு உன் பள்ளிக்கூடம் விடும் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் எழுந்து, வெறுங்கையோடு போனால் எங்கே போயிருந்தேன் என்று யாராவது கேட்பார்களே என்று கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. ரெண்டு மாசம் கழித்து உன் சித்தி வந்தபோது அவளிடம் மட்டும் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு, பை, கண்டக்டர், கடலைமிட்டாய் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இப்போது என் செக்கிங் கண் எப்படி வேலை செய்தது என்று பார். புத்தகத்தில் இருந்தது ஒயர்கூடை, என்னிடம் இருந்தது ரெக்ஸின் பை. டீச்சரம்மா மாற்றி எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். புத்தகத்தில் பொரியுருண்டை, நான் வாங்கியது கடலைமிட்டாய். அடையாளம் தெரியக்கூடாது என்று மாற்றியிருக்கிறாள். புத்தகத்தில் திண்டுக்கல் பஸ், எனக்கு சேலம் பஸ். பார்த்தாயா, அதையும் மாற்றியிருக்கிறாள். பொருந்தியதெல்லாம் சாட்சி, பொருந்தாததெல்லாம் அதைவிடப் பெரிய சாட்சி. சந்தேகப்படுகிறவளுக்கு எந்தப் பக்கம் போனாலும் வழி இருக்கும் கண்ணு. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலையில் பவானிக்குப் போனேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏற முடியாத அதே சேலம் பஸ்ஸில் கொஞ்சமும் யோசிக்காமல் ஏறி உட்கார்ந்தேன். சித்தப்பாவின் ஜமக்காளக் கடையில் மூன்று பேர் சரக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் கேட்டேன். "என் குடும்பத்த டீச்சரம்மாகிட்ட வித்துட்டியாடி?" என்று கேட்டேன். சாந்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "நான் சொல்லலக்கா" என்றாள். "சத்தியம் பண்ணு" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "பண்ணுனா மட்டும் நம்பிப்போடுவியாக்கா?" என்று கேட்டாள். நான் திரும்பி நடந்துவிட்டேன். அவள் கேட்டதற்குச் சரியான பதில் 'மாட்டேன்' என்பதுதான், அது எனக்கும் தெரிந்திருந்தது, அவளுக்கும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும், பாதியை நான் மறைத்தேன். கவி ஏன் லீவுக்கு வரவில்லை என்று நீ கேட்டபோது டியூஷன் என்றேன். அவள் உனக்கு எழுதிய இரண்டு கடிதம் வந்தது, நான் கொடுக்கவில்லை. பிரிக்கவும் இல்லை, அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தேன், எப்போதோ கரையான் தின்றுவிட்டது. அவளுக்குக் கல்யாணம் ஆனபோது சித்தியும் சித்தப்பாவும் வீட்டுக்கு வந்து தட்டில் பத்திரிகை வைத்துக் கொடுத்தார்கள். நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். சித்தி, "பெரியம்மா நின்னு நடத்தோணும்க்கா" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் காப்பி கொடுத்து அனுப்பினேன், கல்யாணத்துக்குப் போகவில்லை. உன்னிடம், "நமக்குப் பத்திரிகையே வெக்கல பார்த்தியா" என்று சொன்னேன். நீ சித்தி மேல் கோபப்பட்டாய். நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இந்தக் கடிதத்தில் எழுதக் கை கூசுகிற இடம் இதுதான்.

அந்தப் புத்தகங்களை மட்டும் உன்னிடமிருந்து பிடுங்க முடியவில்லை. ஹாஸ்டலுக்குக் கொண்டு போனாய், பெங்களூருக்குக் கொண்டு போனாய். அட்டை கிழிந்த இரண்டாவது புத்தகத்துக்கு நீயே காக்கி அட்டை போட்டாய். கடைசியில் பெண் பார்க்கப் போன இடத்தில் நிவேதா உன்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "மரகதத்துல உங்களுக்கு எந்தப் புஸ்தகம் பிடிக்கும்?" என்பதுதான். நீ "நாலாவது" என்றாய். அவள் முகம் மலர்ந்தது. நான் வீட்டுக்கு வந்ததும், இந்த டீச்சரம்மா என் வீட்டுக்கு மருமகளையும் அவரேதான் பார்த்து அனுப்புகிறார் போலிருக்கிறது என்று உங்கப்பாவிடம் பொருமினேன்.

போன மாசக் கடைசியில் டீச்சரம்மாவுக்கு எழுபத்தைந்து வயது என்று கோவையில் வாசகர்கள் விழா எடுத்தார்களே, உனக்கு லீவு கிடைக்கவில்லை. நாலாவது புத்தகத்தைக் கூரியரில் அனுப்பிவிட்டு, "அம்மா, நீ நிவேதாகூடப் போயி நாலாவது புஸ்தகத்துல கையெழுத்து வாங்கீட்டு வா" என்றாய். நான் உடனே சரி என்றதும் உனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். கையெழுத்துக்காக நான் போகவில்லை. உனக்கு யார் சொன்னது என்று அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும் என்று போனேன். அந்த வாயால் சாந்தியின் பெயரைக் கேட்டுவிட்டு வந்தால், உன் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடாததற்கு ஒரு நியாயம் கிடைக்கும் என்று நினைத்தேன்.

ஹால் நிறைந்து வாசலில் ஆட்கள் நின்றார்கள். பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக் கூட்டம் சேர்த்திருப்பார்களோ என்று பின்பக்கம் எட்டிப் பார்த்தேன், டீயும் பிஸ்கட்டும்தான் இருந்தது. ஒவ்வொருத்தர் கையிலும் பழைய பிரதி. முதுகு பிய்ந்தது, மஞ்சள் கறை பட்டது, பிள்ளைகள் பேனாவில் கிறுக்கியது. வால்பாறை எஸ்டேட்டிலிருந்து விடியற்கால முதல் பஸ் பிடித்து ஒரு பெண் வந்திருந்தாள், தன்னிடமிருந்த மூன்று புத்தகத்தையும் மழைக்குப் பயந்து பாலிதீன் கவரில் சுற்றி வைத்திருந்தாள். மீசை நரைத்த ஒருத்தர் தன் மகளுக்கு மரகதம் என்று பெயர் வைத்ததாகச் சொல்லிவிட்டு மேற்கொண்டு பேச முடியாமல் இறங்கிப் போனார். நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார், நடிப்பில்லை.

அப்புறம் பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு அம்மா மைக்கைப் பிடித்தார். என் வயதுதான் இருக்கும். "டீச்சரம்மா, நாலாவது புஸ்தகத்துல அந்த பஸ் ஸ்டாண்டு வருதுங்களே, அப்பிடி நானும் ஒரு நாளு போயி உக்காந்திருந்தேனுங்க. எங்க ஊட்டுல இன்னிக்கு வரைக்கும் ஆருக்கும் தெரியாதுங்க. உங்களுக்கு ஆருங்க சொன்னது?" என்று கேட்டார். நான் கேட்க வைத்திருந்த கேள்வி, ஒரு வார்த்தை மாறவில்லை. ஹாலில் சிரிப்பு வந்தது, அதற்குள் பின்னாலிருந்து இன்னொரு குரல், "எனக்கும் அதே சந்தேகந்தானுங்க, எங்க நாத்தனா சொல்லிப்போட்டான்னு நெனச்சேன்" என்றது. தாராபுரத்துக்காரி ஒருத்தி எழுந்து, "நானு முறுக்கு வாங்கீட்டுத் திரும்பினேனுங்க" என்றாள். டீச்சரம்மா மேடையிலிருந்து கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் கூட்டத்தைப் பார்த்தார். "இன்னும் எத்தன பேருங்க?" என்று கேட்டார். கைகள் எழுந்தன. நான் எண்ணத் தொடங்கினேன், இதுவும் முன்கூட்டிப் பேசி வைத்ததாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே எண்ணினேன். பதினொன்று வரை எண்ணினேன் கண்ணு. அதற்கு மேல் கண்ணில் தண்ணீர் வந்து ஒன்றும் தெரியவில்லை.

அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "எனக்கு ஆருஞ் சொல்லலீங்க. எனக்கு ஒம்பது வயசு இருக்கறப்ப எங்கம்மா ஒரு நாளு சாயங்காலம் பொரியுருண்டை வாங்கீட்டு வந்தாங்க. சந்தை நாளுமில்ல, நோம்பியுமில்ல. காலெல்லாம் ஒரே புழுதி. எங்க போயிட்டு வந்தீங்கன்னு நான் கேக்கவே இல்லீங்க. உருண்டையத் தின்னுபோட்டு வெளையாடப் போயிட்டேன். அவங்க இருந்த வரைக்கும் கேக்கல. அப்பறம் கேக்க ஆளில்ல. அதான் எழுதிப்போட்டேன்." இவ்வளவுதான் சொன்னார், உட்கார்ந்துவிட்டார்.

கையெழுத்து வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது கேட்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. புத்தகத்தை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஹாலில் கை தூக்கவில்லை, ஆனாலும் அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மெதுவாக, "நீங்க என்ன வாங்கீட்டுப் போனீங்க?" என்று கேட்டார். "கடலைமிட்டாய்ங்க" என்றேன். நிவேதா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், கேட்டிருப்பாள். வெளியே வந்து ஆட்டோ பிடித்து வீடு வரும் வரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். நீயாக இருந்தால் துருவியிருப்பாய். அந்தப் பெண்ணிடம் நீ 'நெசமாத்தானே' என்று கேட்காதே கண்ணு. அவள் நெசமாகவே சொல்கிறவள். நானே செக் பண்ணிவிட்டேன், என்னைவிட மோசமான செக்கர் உனக்குக் கிடைக்கமாட்டாள்.

மறுநாள் கல்யாணப் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் பழமும் எடுத்துக்கொண்டு பவானிக்குப் போனேன். உன் புத்தகத்தையும் பையில் வைத்துக்கொண்டேன். சித்தி கடையில்தான் இருந்தாள். நான் முகம் பார்க்காமல் இருந்த வருஷங்களில் அவளுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. "வாக்கா" என்றாள். அன்று போனில் சொன்ன அதே 'வாக்கா'. கடையில் யாரும் இல்லை, அன்றைக்குப் போல மூன்று பேர் இருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவர்கள் முன்னாலேயே சொல்லியிருப்பேன். "நான் தப்புப் பண்ணிப்போட்டேன் சாந்தி" என்றேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்ததும், "அந்தப் புஸ்தகத்துல அப்பிடி என்னதான்க்கா எழுதியிருந்துச்சு?" என்று கேட்டாள்.

அவள் படிக்கவே இல்லை. பதினெட்டு வருஷமாக, எதைச் சொன்னதாகப் பழி விழுந்தது என்பதுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. "படிச்சா நாந்தான் சொன்னேன்னு ஆயிருமோன்னு பயமா இருந்துச்சு. கவியையும் படிக்க உடலக்கா" என்றாள். மூன்றாவது புத்தகத்தோடு கவிக்கு மரகதம் நின்றுபோய்விட்டாள். நான் பையிலிருந்து உன் புத்தகத்தை எடுத்து அந்த அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்தேன். மரகதத்தின் அம்மா இரண்டாவது பஸ்ஸை விடுகிற இடம் வந்ததும் சாந்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீ மட்டுமாக்கா உக்காந்திருந்தே? அன்னிக்கு நீ வாரேன்னு சொன்னியே. நானு இங்க பஸ் ஸ்டாண்டுல, கவியக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சேலம் பஸ்ஸு ஒண்ணொண்ணா வந்துச்சு. இருட்டுக் கட்டற வரைக்கும் பார்த்தேன்" என்றாள். வரவில்லை என்று சொல்ல நான் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. அதை அவள் அன்றும் கேட்கவில்லை, ரெண்டு மாசம் கழித்து நான் கதை சொன்னபோதும் கேட்கவில்லை, கடையில் வைத்து நான் அவமானப்படுத்தியபோதும் சொல்லிக்காட்டவில்லை. அங்கேயே, அந்த ஸ்டூலிலேயே நான் அழுதேன்.

இனி உன் வேலை. இணைச்சீருக்குத் திருப்பூர் பெரியப்பா மகளை உட்கார வைப்பதாகப் பேசியிருந்தோம் அல்லவா, அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். நம் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவன் தங்கை உட்கார வேண்டும், கூறைச்சேலையின் ஒரு முனை அவன் பக்கம், மறு முனை அவள் கையில். அந்த முனையைப் பிடிக்க உனக்குச் சொந்தத் தங்கையாகக் கவி இருக்கிறாள், பெருந்துறையில் வாழ்க்கைப்பட்டு. சித்தி அவளுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். கவி நான் பேசியதை எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க கூப்புட்டது சரிங்க பெரியம்மா. ஆனா அண்ணன் வந்து கூப்புடட்டுங்க" என்றாள். நியாயம்தான். உன் நாலாவது புத்தகத்தைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு வந்தேன், இந்நேரம் கவியிடம் போயிருக்கும். கையெழுத்துப் போட்ட பிரதி போய்விட்டதே என்று கோபப்படாதே. அவள் படிக்காத ஐந்து, ஆறு, ஏழு மூன்றையும் எடுத்துக்கொண்டு நீ போ. கடிதம் எழுதியும் பதில் போடாத அண்ணன் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருப்பாள், அந்தக் கடிதங்களுக்கு என்ன ஆயிற்று என்று நீயே சொல், அம்மாவைக் காப்பாற்ற வேண்டாம்.

இதை ஒட்டுவதற்கு முன்னால் உங்கப்பா படிக்கட்டும் என்று இரண்டு நாள் மேசையிலேயே விட்டிருந்தேன். படித்தாரா இல்லையா என்று சொல்லவில்லை, அவர் கண்ணாடி மட்டும் இடம் மாறியிருந்தது. ஆனால் நேற்று சாப்பிடும்போது, "கொழம்புல உப்பு செரியா இருக்குது" என்றார்.

பன்னிரண்டு வயதில் அடுப்படியில் நின்று நீ கேட்டாயே, அதற்குப் பதில் இது. ஆமாம் கண்ணு, போனேன். மூன்று பஸ்ஸை விட்டேன். மூணே காலுக்கு உன் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். நீ கடலைமிட்டாயை உடைத்துப் பெரிய பாதியை என் வாயில் வைத்தாய். இதைச் சித்தி சொல்லவில்லை. டீச்சரம்மாவுக்கும் யாரும் சொல்லவில்லை. நான்தான் இப்போது சொல்கிறேன்.

உன் அம்மா